விரல் நடக்கும் அகலம்

செந்தமிழன் அதுவரை வரைந்ததிலேயே அவனுக்கு மிகவும் பிடித்த கட்டடம் அந்த வட்டம்தான்.

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, பெரிய ரோட்டை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, பார்வையற்ற பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்று இருந்தது. மொத்தம் நாற்பத்தாறு பிள்ளைகள். பழைய கட்டடம் மழைக்கு ஒழுகத் தொடங்கியதும், வகுப்பறை, விடுதி, சாப்பாட்டுக்கூடம் எல்லாம் ஒன்றாக வருகிற மாதிரி புதிதாகக் கட்டிவிடுவது என்று பள்ளியை நடத்திய அறக்கட்டளை முடிவு செய்தது. அதன் தலைவர் தனபால், குமாரபாளையத்தில் துண்டும் லுங்கியும் ஏற்றுமதி செய்கிறவர். சேலத்தில் எட்டு வருடமாக ஆர்க்கிடெக்டாக இருக்கும் செந்தமிழனைக் கூப்பிட்டு வேலையை ஒப்படைத்தார்.

செந்தமிழன் அறைகளை எல்லாம் ஒரு வளையமாகச் சுற்றி நிறுத்தினான். வளையத்தின் உள்விளிம்பில் வளைந்தோடும் தாழ்வாரம், நடுவில் திறந்த முற்றம். கம்ப்யூட்டரில் படமாக ஓட்டிக் காட்டியபோது, மேலிருந்து இறங்கும் கேமராவில் அந்தக் கட்டடம் வயலுக்கு நடுவே வைத்த வெள்ளை வளையல் மாதிரி தெரிந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். தனபால் எழுந்து நின்றே தட்டினார்.

கைதட்டல் ஓய்ந்ததும் கடைசி நாற்காலியில் இருந்து ஒரு குரல் வந்தது. விடுதிப் பொறுப்பாசிரியை அன்புச்செல்வி. அந்தப் பள்ளியிலேயே படித்து, அங்கேயே பதினெட்டு வருடமாகப் பாடம் நடத்துகிறவர். பிறவியிலேயே பார்வை கிடையாது.

"எல்லாரும் தட்டறீங்க, நல்லாத்தானுங்க இருக்கோணும். நாங்க எப்பங்க பாக்கறது?"

செந்தமிழனுக்கு முகம் சுட்டது. நாற்பத்தாறு பிள்ளைகளும் பாதி ஆசிரியைகளும் குடியிருக்கப்போகும் வீட்டை, அவர்களில் ஒருவருக்கும் காட்ட வழியில்லாத வகையில் வரைந்து, திரை கட்டி ஓட்டிவிட்டு நிற்கிறான்.

"மாதிரி ஒண்ணு செஞ்சு எடுத்துட்டு வரேன் டீச்சர். தொட்டுப் பாக்கற மாதிரி."

"செய்யுங்க இஞ்சினியர் சார்" என்றார் அன்புச்செல்வி. நான் இஞ்சினியர் இல்லை, ஆர்க்கிடெக்ட் என்று ஊரெல்லாம் திருத்திக்கொண்டிருந்த செந்தமிழன் அன்று திருத்தவில்லை.

தனபால் முடிவாகச் சொன்னார். "டீச்சர் பாத்துச் சரின்னு சொல்லட்டுங்க. பன்னண்டு நாள்ல முகூர்த்தம் இருக்குது. பூமி பூஜையைப் போட்டுரலாம்."

சென்னையில் மாதிரி செய்கிற கம்பெனியைக் கேட்டான். இருபத்தைந்து நாள் ஆகும் என்றார்கள். பெங்களூரில் ஃபோனையே எடுக்கவில்லை. கடைசியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் நண்பன் ஒருவன் சொன்னான்: "சூரமங்கலத்துல ஒரு அக்கா லேசர் மெஷின் வெச்சிருக்காங்க. பத்திரிகைக்கு இலை, பூ எல்லாம் அவங்கதான் வெட்டித் தர்றாங்க. போய்ப் பாரேன்."

கடை ஜங்ஷனுக்குப் பக்கத்தில், ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போகும் தெருவில், டீக்கடைக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் இடையில் இருந்தது. சுவர் முழுக்கக் குழந்தைகளின் பெயர்ப்பலகைகள், வீட்டு எண்கள், வளைகாப்புக்குக் கொடுக்கும் காந்தப் பிள்ளையார்கள். தேடி வந்த இடம் இதுதானா என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. உள்ளே கட்டில் அகலத்துக்கு ஒரு மெஷின், மூடிய கண்ணாடிக்குக் கீழே புள்ளியளவு வெளிச்சம் நகர்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நாற்பது வயதுப் பெண் ஒருவர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மெஷினின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டபடி நின்றிருந்தார். அவர்தான் கோகிலவாணி.

செந்தமிழன் பென் டிரைவை நீட்டினான். அவர் படத்தைத் திறந்து, கோடு கோடாகப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க சார், இந்தச் செவுரு ரெண்டு தடவை இருக்குதே?"

"ஒரு கோடுதானே இருக்கு?"

"உங்க கண்ணுக்கு ஒண்ணுதான் தெரியும். மெஷினுக்கு ரெண்டு. ஒண்ணு மேல ஒண்ணு கெடக்குது பாருங்க. ஒரே எடத்துல ரெண்டு தடவை லேசர் போச்சுன்னா ஓரம் தீஞ்சுரும்." ஒரு கோட்டைப் பிடித்து நகர்த்திக் காட்டினார். அடியில் இன்னொன்று கிடந்தது. அப்படி அந்தப் படத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஐந்து வருடக் கல்லூரிப் படிப்பில் ஒருவரும் அவனுக்கு அதைச் சொன்னதில்லை.

கையோடு கொண்டுவந்திருந்த வெள்ளை ஷீட்டைக் கொடுத்தான். எடை குறைவாக இருக்கும் என்று விளம்பரப் பலகைக்காரரிடம் வாங்கியது. கோகிலவாணி அதன் மூலையில் நகக்கண் அளவு ஒடித்தார். டீக்கடை அடுப்பில் ஒரு செம்புக் கம்பியைக் காய வைத்து, அந்தத் துண்டைத் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டினார். நெருப்பு பச்சையாக எரிந்தது.

"இது பி.வி.சி.ங்க. வெட்டுனா வெசப்புகை வரும். மெஷினும் துருப்பிடிச்சுப் போயிரும், எனக்கும் மூச்சு போயிரும். கோடி குடுத்தாலும் இதை நான் மெஷின்ல வெக்க மாட்டனுங்க."

தூக்கித் திருப்பிக் கொடுத்தார். அந்த மறுப்பில் துளியும் தயக்கம் இல்லை. செந்தமிழனுக்கு அந்தக் கணத்தில்தான் நம்பிக்கை வந்தது.

"இதை யாருங்க பாக்கப்போறாங்க? கமிட்டிக்காரங்களா?"

"இல்லீங்கக்கா. பார்வை இல்லாதவங்க. தொட்டுப் பாக்கப்போறாங்க."

கோகிலவாணி நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே. அப்ப இந்த அளவே சரியில்லை."

அவன் இருநூறில் ஒரு பங்காகக் குறைத்து அளவு போட்டிருந்தான். கார் டிக்கியில் வைக்க வசதியாக இருக்கும் என்பதுதான் காரணம். அவர் குப்பைக்கூடையில் இருந்து ஒரு கழிவுத் துண்டை எடுத்து மெஷினில் வைத்தார். சிறிது நேரத்தில் ஏழெட்டுச் சந்துகள் வெட்டிய பட்டை ஒன்று வெளியே வந்தது. ஒரு சென்டிமீட்டரில் தொடங்கி ஒவ்வொன்றும் சற்றே அகலம் கூடியது.

"இந்தச் சின்னச் சந்துதான் நீங்க போட்ட தாவாரம். வெரலை உடுங்க."

விட்டான். விரல் சிக்கிக்கொண்டது.

"அடுத்தது... அதுவும் வேணாம். இதுல உட்டுப் பாருங்க. ரெண்டு வெரலை."

நாலு சென்டிமீட்டர் சந்து. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டு கால்கள் போல அதில் ஒன்றை அடுத்து ஒன்று எட்டு வைத்தன.

"இதுல வெரலு நடக்குது பாத்தீங்களா? ஊட்டுல நடக்கறாப்பலயே நடக்கோணும். இதுதானுங்க அளவு." ஐம்பதில் ஒரு பங்கு. கட்டடம் எண்பத்து நாலு சென்டிமீட்டர் அகலம் வரும், மெஷின் படுக்கையில் சரியாக அடங்கும் என்று அவரே கணக்குப் போட்டார். "செவுரு முழு உசரம் வேண்டாம். கை மேல இருந்து உள்ள எறங்கோணும். வெரல் கணு உசரம் போதும்."

முதலில் மரத்தூள் பலகையில் ஒரு மூலையை மட்டும் வெட்டிப் பார்த்தார்கள். அழகாகவே இருந்தது, வெட்டிய ஓரங்கள் கரும்பழுப்பாக, படத்துக்கு மையால் கோடு இழுத்த மாதிரி. செந்தமிழனுக்கு அது பிடித்துப்போனது. கோகிலவாணி அவனுடைய கையைத் திருப்பச் சொன்னார். விரல் நுனியெல்லாம் கரி.

"நமக்குத் தெரியுது, தொடைச்சுக்குவோம். அந்தப் பிள்ளைங்க தொட்ட கையில மூஞ்சியத் தொடும். அதுகளுக்குத் தெரியாது. பாக்கறவங்க சிரிப்பாங்க" என்றார். "அது ஆகாதுங்க."

அந்த இரண்டு வார்த்தையை அவர் சொன்ன விதத்தைச் செந்தமிழன் ரொம்ப நாள் மறக்கவில்லை. நாலு மாதம் அந்தப் பள்ளிக்கென்று உட்கார்ந்து வரைந்தவன் அவன். ஒரு நாள்கூட அப்பிள்ளைகளின் விரல் நுனியை நினைத்ததில்லை.

சுவர்கள் எல்லாம் அக்ரிலிக் என்று முடிவானது. அதில் கரி கிடையாது. ஆனால் வெட்டிய விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். கோகிலவாணி ஒவ்வொரு சுவரையும் மூன்று அடுக்காக வெட்டி ஒட்டி, நீரில் நனைத்த உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்து, பிறகு தன் உதட்டோரத்தில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். கையைவிட உதட்டுக்குத்தான் கூர்மை சீக்கிரம் தெரியும் என்பார். தரைகளுக்குத் தனித்தனித் தொடுகை கொடுத்தார். தாழ்வாரத்துக்கு மெல்லிய கோடுகள், குளியலறைக்குப் புள்ளிகள், முற்றத்துக்குக் கார்க் ஷீட். மெஷினின் வேகத்தையும் சூட்டையும் பத்துப் பதினைந்து விதமாக மாற்றி மாற்றி ஓட்டி, வேண்டிய சொரசொரப்பு வரும்வரை விடவில்லை.

அறைகளின் பெயரைப் பிரெயில் எழுத்தில் போடவேண்டும் என்று செந்தமிழன் ஒரு பட்டியல் கொடுத்திருந்தான். மறுநாள் மத்தியானம் அவன் வந்தபோது கடை பூட்டியிருந்தது. சாயங்காலம் மறுபடி வந்தான்.

"எங்கக்கா போயிட்டீங்க?"

"உங்க பள்ளிக்கூடத்துக்குத்தான் தம்பி. ராசிபுரம் பஸ்ல போயி, அங்கிருந்து மினி பஸ் புடிச்சேன். எழுத்தை வெட்டி எடுத்துட்டுப் போயி டீச்சர்கிட்டக் குடுத்தேன். தடவிப் பாத்துட்டு, 'என்னங்க இது, ரம்பத்தைக் குடுத்துட்டு எழுத்துங்கறீங்க'ன்னுட்டாங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சுற்றிலும் சுரண்டி எடுத்து எழுப்பிய புள்ளிகள், உச்சி தட்டையாக, ஓரம் கூராக நின்றிருந்தன. "புள்ளி குண்டா இருக்கோணுமாம், அரிசிக்குருணை மாதிரி. அப்பத்தான் வெரலு ஓடுமாம்."

"இதுக்காக நீங்களே அவ்வளவு தூரம் போகணுமா?"

"படிக்கறவங்களைக் கேக்காம எழுத்தை எப்படிங்க தம்பி வெட்டறது?"



அதற்கும் அவரே வழி கண்டுபிடித்தார். லேசர் போட்ட துளை நேராக இறங்காது, மேலே ஒரு மயிரிழை அகலமாகவும் கீழே ஒரு மயிரிழை குறுகலாகவும் இருக்கும். வேறு வேலைகளில் அது தொல்லை. இங்கே அதையே பிடித்துக்கொண்டார். கோயமுத்தூரில் இருந்து கடுகளவு எஃகுக் குண்டுகளை வரவழைத்தார். தட்டில் துளைகளைப் போட்டு, ஒவ்வொரு துளையிலும் சாமணத்தால் ஒரு குண்டை வைத்தார். குண்டு பாதிக்கு மேல் இறங்கி, குறுகலில் சிக்கி நின்றது. வெளியே தெரிந்தது அரைக்கடுகு. எல்லாம் ஒரே உயரம், ஒரே உருட்டு. முந்நூற்றுச் சொச்சம் குண்டுகளை அவர் வைத்து முடிக்கும்வரை செந்தமிழன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்துபோக மனம் வரவில்லை.

ஒன்பதாம் நாள் மாதிரி முக்கால்வாசி முடிந்திருந்தது. கோகிலவாணி அன்று சரியாகப் பேசவில்லை. பிறகு தானாகவே சொன்னார்.

"தம்பி, தப்பா நெனைக்கப்படாது. காலையில நான் துப்பட்டாவைக் கண்ணுல கட்டிட்டு இதுல வெரலை உட்டு நடந்து பாத்தேன். வழி தப்பிருச்சு. நாலு தடவை பாத்தேன், நாலு தடவையும் தப்பிருச்சு. வட்டத்துல எங்க இருக்கறோம்னே தெரியலீங்க."

அந்த வட்டத்தையே குறை சொல்லிவிட்டார் என்றதும் செந்தமிழனுக்குச் சுருக்கென்றது. "உங்களுக்குக் கண்ணு தெரியும். அதனால கட்டிக்கிட்டா வழி தெரியாது. அவங்களுக்குப் பழக்கம்" என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அக்கா, கட்டடத்தை நான் பாத்துக்கறேன். நீங்க வெட்டற வேலையைப் பாருங்க."

கோகிலவாணி கையில் இருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தார். "சரிங்க சார்."

ஒரு வாரமாகத் தம்பியாக இருந்தவன் மறுபடி சாராகிவிட்டான். அது அவனுக்கு உறைத்தது. இருந்தும் மன்னிப்புக் கேட்க வாய் எழவில்லை. "சுவரெல்லாம் நல்லா ஒட்டிருங்க. தொட்டா ஆடக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

"ஆடாதுங்க சார்" என்றார் அவர்.

பதினோராம் நாள் காலை மாதிரியைக் காரில் ஏற்றினார்கள். குறை சொல்ல ஓர் இடம் இல்லை. வட்டம் வட்டமாக, ஒவ்வொரு வாசலும் வாசலாக, பால் வெள்ளையில் மின்னியது. கோகிலவாணி கடையைப் பூட்டிவிட்டு, "நானும் வாரேனுங்க" என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டார். மடியில் ஓர் அட்டைப்பெட்டி. அது என்ன என்று அவன் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பள்ளியின் கூடத்தில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். தனபால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அன்புச்செல்வி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு உள்ளங்கையையும் மாதிரியின் மேல் மெதுவாக வைத்தார். ஓரமாகச் சுற்றி வந்தார். பெயர்த்தட்டு விரலில் பட்டதும் நின்றார்.

"சமையல்..." முகம் மலர்ந்தது. "அம்மா சூரமங்கலம், வந்திருக்கீங்களா? எழுத்து இன்னைக்கு எழுத்தாட்டம் இருக்குதுங்க!"

"வந்திருக்கேனுங்க டீச்சர்" என்றார் கோகிலவாணி சுவரோரமாக நின்று.

அன்புச்செல்வி விடுதி வாசலைக் கண்டுபிடித்து, இரண்டு விரலைத் தாழ்வாரத்தில் இறக்கினார். "இப்ப நான் எந்திரிச்சுப் பல்லு வெளக்கிட்டுச் சாப்பிடப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே விரல்களை நடத்தினார். விரல்கள் வளைந்து வளைந்து போயின. சாப்பாட்டுக்கூடத்து வாசலைக் கடந்தன. வகுப்பறைகளைக் கடந்தன. மறுபடி விடுதிக்கே வந்துவிட்டன.

"தாண்டிட்டனா?"

மறுபடி தொடங்கினார். இந்தமுறை எண்ணிக்கொண்டே போனார். மூன்றாவது வாசலில் நின்று, "இதானுங்க சாப்பாடு" என்றார். அது குளியலறை.

மூன்றாம் முறையும் அப்படியே ஆனது.  அன்புச்செல்வி ஓரமாக நின்ற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டார். "சௌந்தர்யா, இங்க வா சாமி. நீ நடந்து பாரு." ஒன்பதாம் வகுப்புப் பெண், துறுதுறுப்பானவள். பள்ளியில் யாரைவிடவும் வேகமாக நடக்கிறவள் என்று டீச்சரே சொன்னார். அவள் விரல்கள் வட்டத்தில் இரண்டு சுற்றுச் சுற்றின.

"மிஸ், இதுல மூலையே இல்லீங்களே" என்றாள். "மூலை வந்தாத்தானே திரும்பறோம்னு தெரியும். இது திரும்பிட்டே இருக்குது. நான் எந்தப் பக்கம் பாத்து நிக்கறேன்னே தெரியலைங்க மிஸ்."

செந்தமிழனுக்கு அப்போதுதான் புரிந்தது. வட்டம். மேலே இருந்து பார்த்தால் வளையல். கீழே நின்று சுவரைப் பிடித்து நடக்கிறவளுக்கு அது முடிவே இல்லாத ஒரு சுவர். நாலு மாத வேலை. நாளைக்குப் பூமி பூஜை. அதைவிடக் கூசியது, இரண்டு நாளுக்கு முன் தன் வாயில் இருந்து வந்த வார்த்தை. அவன் கோகிலவாணியின் பக்கம் திரும்பவே அஞ்சினான்.

கோகிலவாணி மேசைக்கு அருகில் வந்தார். வளைந்த சுவர் ஒன்றை இரண்டு விரலால் பிடித்து மேலே தூக்கினார். 'டிக்' என்று ஒரு சத்தம். சுவர் கையோடு வந்துவிட்டது.

"ஒட்டலீங்களா?" என்றான் செந்தமிழன்.

"இல்லீங்க சார். ஆடுச்சுங்களா?"

ஆடவில்லைதான். ஒவ்வொரு சுவரின் அடியிலும் துளை போட்டு, பொட்டளவு காந்தங்களைப் பதித்திருந்தார். வளைகாப்புப் பிள்ளையார்களுக்கு வாங்கி வைத்த அதே காந்தங்கள். அடித்தட்டின் மேல் தகரம் விரித்திருந்தார். தொட்டால் அசையாது, தூக்கினால் வரும். பிறகு அட்டைப்பெட்டியைத் திறந்தார். உள்ளே நேர்ச் சுவர்கள். நீளமும் குட்டையுமாக, ஓரம் தேய்த்து மழமழவென்று, அறுபது எழுபது துண்டுகள். மூலை சேர்க்கிற துண்டுகள். வாசல் வைத்த துண்டுகள்.

"பெரிய வட்டம் வெட்டினா ஷீட்டுல மூலையும் நடுவும் மிச்சம் நிக்கும். அதுல வெட்டுனதுங்க" என்றார், ஒரு பெரிய காரியத்தைச் சொல்வதாக எண்ணாமல். "வேண்டாம்னா மூடி வெச்சர்லாம்."

செந்தமிழன் ஒரு நேர்ச் சுவரை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தான். அவன் வேண்டாம் என்று தள்ளியதை அவர் சண்டை போட்டு நிரூபிக்கவில்லை. அவன் கேட்ட வட்டத்தையும் மில்லிமீட்டர் பிசகாமல் செய்து கொடுத்துவிட்டு, அது தோற்றால் கையறு நிலையில் நிற்காதபடி அவனுக்கு ஒரு பெட்டியையும் தூக்கி வந்திருக்கிறார். அவன் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு மேசைக்கு முன் குனிந்தான்.

"டீச்சர், நீங்க சொல்லுங்க. எங்க திரும்பணும்?"

இரண்டு மணி நேரம் அந்த மேசையைச் சுற்றி ஒரே சத்தம். அன்புச்செல்வி ஒரு சுவரை வைப்பார், சௌந்தர்யா விரலால் நடந்து பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சூண்டு தள்ளுங்க மிஸ்" என்பாள். செந்தமிழன் காற்று வரும் பக்கம் சொல்லிச் சமையலறையை நகர்த்துவான், பாரம் தாங்க வேண்டிய சுவரைச் சொல்லி, "இதை மட்டும் எடுக்கக்கூடாது" என்பான். ஒரு நீளத் தாழ்வாரம், அதன் முடிவில் தெளிவான ஒரு மூலை, மூலையில் சாப்பாட்டுக்கூடம், அங்கிருந்து திரும்பினால் வகுப்பறைகள், நடுவில் பழையபடி ஒரு முற்றம். ஒவ்வொரு திருப்பத்திலும் தரையின் சொரசொரப்பு மாறவேண்டும் என்றார் டீச்சர். கோகிலவாணி உடனே புள்ளித் தரையில் ஒரு துண்டை அறுத்துக் கொடுத்தார். இன்னும் ஐந்தாறு பிள்ளைகள் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒரு பிள்ளை கண்டுபிடித்துச் சொன்னாள், தண்ணீர்க் குழாய் வகுப்புக்கு ரொம்பத் தூரம் என்று. அதுவும் இடம் மாறியது. செந்தமிழன் இத்தனை வருடத்தில் எந்தக் கட்டடத்தையும் இவ்வளவு பேரோடு சேர்ந்து வரைந்ததில்லை. கூச்சம் எப்போது போனது என்று அவனுக்கே தெரியவில்லை.

தனபால்தான் ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டார். "அதெல்லாஞ் சரிங்க... மேல இருந்து பாத்தா அந்த வளையலாட்டம் இருக்காதுங்களே?"

"மேல இருந்து பாக்கறது காக்காதானுங்களே" என்றார் அன்புச்செல்வி.

தனபாலே சிரித்துவிட்டார். பிறகு எழுந்து வந்து, கைக்குட்டையைக் கண்ணில் கட்டிக்கொண்டு, புதிய தாழ்வாரத்தில் இரண்டு விரலை நடத்தினார். சாப்பாட்டுக்கூடத்தில் முதல் தடவையிலேயே போய் நின்றார். "அட!" என்றார் சின்னப்பிள்ளை மாதிரி.

எல்லாம் முடிந்து பார்க்கையில் சௌந்தர்யா மேசையின் மறுகோடியில் தனியாக எதையோ செய்துகொண்டிருந்தாள். ஒதுக்கி வைத்ததில் உள்வட்டத்துச் சுவர்களை மட்டும் கூட்டி மறுபடி ஒரு வட்டம் கட்டி, அதை ஒட்டி விரல்களை வேகவேகமாக ஓடவிட்டுக்கொண்டிருந்தாள்.

"மிஸ், இதை எங்கியாச்சும் வெச்சுக்கலாமுங்களா? ஊட்டுக்குத்தான் இது ஆகாது. ஆனா செவுத்துல ஒரு கையை வெச்சுட்டு இதுல எவ்வளவு வேகமா வேணா ஓடலாம். எங்கியும் முட்டாது."

அன்புச்செல்வி குனிந்து அந்த வட்டத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "எங்க பிள்ளைங்க ஓடுனதே இல்லீங்க இஞ்சினியர் சார். நானும் ஓடுனதில்லை. நடப்போம், வேகமா நடப்போம். முட்டிக்குவோம்னு ஓட மாட்டோம்."

செந்தமிழன் அந்த வட்டத்தைத் துண்டு துண்டாக எடுத்து, புதிய முற்றத்தின் நடுவே வைத்தான். அங்கே இடுப்புயரச் சுவர் ஒன்று கட்டலாம் என்றான், வட்டமாக, மேலே கைப்பிடிக்கு வழவழப்பான கல். சுற்றிலும் மண் தரை.

பூமி பூஜை நாற்பது நாள் தள்ளிப்போனது. தனபால் முகம் சுளிக்கவே இல்லை.

திரும்பி வருகையில், மல்லூர் தாண்டியதும் செந்தமிழன் வாயைத் திறந்தான். "அக்கா, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"சொல்லியிருக்கக் கூடாதுதான்" என்றார் கோகிலவாணி, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே. "நெம்பக் கோவம் வந்துச்சு தம்பி. அந்தக் கோவத்துலதான் அத்தனை துண்டையும் வெட்டுனேன். இல்லாட்டி இருபது துண்டோட நிறுத்தியிருப்பேன்."

தம்பி என்ற சொல் காதில் விழுந்ததும் செந்தமிழன் கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சிரித்தான். அவரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவன் படம் முடித்துவிட்டு மாதிரிக்குப் போகும் வழக்கத்தை விட்டான். கோடு போடத் தொடங்கும்போதே சூரமங்கலம் போய்விடுவான். சேலத்து மற்ற ஆர்க்கிடெக்டுகளுக்கும், சிலை செய்கிற ஒருவருக்கும், அம்மாபேட்டையில் சேலைக்கு டிசைன் போடுகிற இரண்டு பேருக்கும் அவனே அந்தக் கடையைக் காட்டிவிட்டான். அவர்கள் கொண்டுவரும் படங்களில் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் கோடுகளைக் கோகிலவாணி அதே பொறுமையோடு பிரித்துக்கொண்டிருந்தார். யார் வந்தாலும் அவர் முதலில் கேட்பது, இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்பதுதான்.

பள்ளிக் கட்டடம் எழும்ப ஒன்றரை வருடம் ஆனது. திறப்பு விழாவுக்கு முந்தின நாள், வர்ணம் காயாத சுவர்களுக்கு நடுவே, அன்புச்செல்வி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புதுக் கட்டடத்துக்குள் போனார். கைபிடிக்க ஒருவரும் தேவைப்படவில்லை. மேசை மேல் விரலால் அத்தனை முறை நடந்திருந்தார்கள். விடுதியில் இருந்து மூலை வரை போய், காலுக்கடியில் தரை மாறியதும் திரும்பி, சாப்பாட்டுக்கூடத்து வாசலில் போய் நின்றார்கள்.

சௌந்தர்யா மட்டும் நேராக முற்றத்துக்குப் போனாள். வட்டச் சுவரின் மேல் வலக்கையை வைத்தாள். முதல் சுற்று நடந்தாள். இரண்டாவதில் நடை வேகமானது. மூன்றாவதில் செருப்பை உதறிவிட்டு ஓடத் தொடங்கினாள், தலையை நிமிர்த்தி, பின்னல் முதுகில் அடிக்க, வாய் திறந்து சிரித்துக்கொண்டே. கோகிலவாணி தூண் ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செந்தமிழன் அவர் பக்கத்தில் நின்றான். ஏழாவது சுற்றில் அன்புச்செல்வியும் சேலைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரைத் தேடிக் கை வைத்தார்.

"தள்ளிக்கங்க பிள்ளைங்களா, நானும் வாரேன்" என்றார்.